பூச்சிக்காரர் அனுப்பிய விறகு

பயப்படாம ஒக்காருங்க தம்பி. இந்த மாசத்துல எம்மேல பூச்சி வராது.

என்னையத் தெரியாதா? மூஞ்சியப் பாத்துட்டு ஒரு நிமிசம் நின்னீங்களே, தெரிஞ்ச ஆளுன்னு நெனச்சுட்டேன். தெரிஞ்சவுகதான் அப்படி நிப்பாக. அங்கிட்டு இங்கிட்டுப் பாத்துட்டு, வேற சீட்டு இல்லைன்னாலும் கம்பியப் புடிச்சு நின்னுக்கிட்டே வருவாக. ஏன், நான் என்ன தொத்து நோய்க்காரனா? வெள்ளனக் குளிச்சிட்டுத்தான் கெளம்புனேன். வேட்டி புதுசு, சட்டை புதுசு. செருப்பு மட்டுந்தான் பழசு.

இந்தக் கம்பு முட்டுதா? பொறுங்க, மடியில வெச்சுக்கிறேன். தொட்டில் கம்பு. எம்பேரன் பொறந்து முப்பதாம் நாளு, இன்னைக்கு முப்பது கும்புடுறாக. பகல் பன்னெண்டு மணிக்குள்ள தொட்டில்ல போட்டுப் பேரு வெக்கணும். நீங்க எங்கிட்டு, மஞ்சனாத்துமேட்டுக்கா? ரேஷன் கடையிலயா வேலை? அட, அப்ப எம்மக வீட்டுக்கு சீனி போடுறதே நீங்கதானா! ரஞ்சித்துன்னு, கடைசி வளைவுல நீலக் கேட்டு போட்ட வீடு. ஆமா, மொளகுத் தோட்டம். அவருதான் எங்க மாப்பிள்ளை. அமுதா எம்மக. நான் பொம்மையா, ஈச்சம்பாறை மலை.

ஈச்சம்பாறைன்னதும் நகந்து ஒக்காருறீங்க பாருங்க. நகராதீங்க தம்பி. அதான் சொன்னேன்ல, இது ஐப்பசி. பூச்சி பறக்குறது வைகாசி கடைசியில இருந்து ஆடி வரைக்குந்தான். நான் நாள் பாத்துத்தான் வர்றேன்.

கம்பைப் பாருங்க, பிரிச்சே காட்டுறேன். கடையில வாங்குற கம்பு இல்ல. எங்க வகையறாவுல தொட்டிச் சீலையை விரிச்சுப் புடிக்கிற கம்பை பொண்ணைப் பெத்தவன்தான் கொண்டு போகணும். பொண்ணு பொறந்த வீட்டு வாசல்ல நிக்கிற மரத்துல வெட்டணும். அப்பன் கையாலதான் சீலைக்குள்ள கோக்கணும். நடுவுல எழைக்கலாம். ரெண்டு முனையிலயும் ஒரு சாண் தோல் மட்டும் அப்படியே இருக்கணும். தோலு இருந்தாத்தான் மரத்துக்கு உசிரு, அதுதான் பிள்ளைக்குக் காவல். வைகாசியிலயே வெட்டித் தாழ்வாரத்துல சாத்திக் காயவெச்சேன். நடுவுல தடவிப் பாருங்க, கண்ணாடி. அஞ்சு நாளு எழைச்சேன். இந்த முனையில ஒரு திட்டு இருக்கு பாருங்க, பொன்னு நெறத்துல, வெல்வெட்டுத் துணிய ஒட்டுன மாதிரி. பாசியோ என்னமோ. சொரண்டத்தான் போனேன். அப்பறம், அழகாத்தானே இருக்கு, மரத்துக்கு ஒரு மச்சம்னு விட்டுட்டேன்.

சரி, என் கதைக்கு வர்றேன். நீங்க கேக்கலதான், ஆனா ஒரு மணி நேரம் போகணும்ல.

ஆறு வருசமாச்சு. சாம்பப்பூச்சின்னு நாங்க சொல்றது. பூச்சி ஆராய்ச்சி ஆபீஸ்ல வாய்க்குள்ள நொழையாத பேரு ஒண்ணு சொல்வாக. எங்கயோ வெளிநாட்டுல இருந்து மரப்பெட்டியில ஒட்டிக்கிட்டு வந்துச்சாம். வந்தது ஒலகத்துல வேற எடமே இல்லாத மாதிரி எங்க மலையத் தேடி வந்துச்சு. பங்குனியில புழுவாக் கெளம்பும் பாருங்க, மரத்தடியில நின்னா மழை பேயிற சத்தம் கேக்கும். அண்ணாந்து பாத்தா வெயிலு. புழு தின்னுட்டுப் போடுற எச்சம் எலை மேல விழுகுற சத்தம் தம்பி அது. சித்திரை முடியிறதுக்குள்ள மலையே மொட்டை. சில்வர் ஓக்கு, குமிழு, காட்டு மரம் ஒண்ணையும் விடல. நெழல் போச்சு. நெழலுக்குக் கீழ இருந்த மொளகுக் கொடி கருகிப் போச்சு. எங்க ஊருல மொளகு வெளைஞ்சுச்சுன்னு இன்னைக்குச் சொன்னா சின்னப் பிள்ளைக நம்பாது.

மஞ்சனாத்துமேட்டுக்கு இன்னும் வரல. அது ஒண்ணுதான் எனக்கு நிம்மதி. எம்மக வீட்டைச் சுத்தி நூத்தி நாப்பத்தெட்டு சில்வர் ஓக்கு. மரத்துக்கு ஒரு கொடி. போன வருசந்தான் காய்க்க ஆரம்பிச்சிருக்கு. நான் எண்ணுனேன், அதான் தெரியும். எனக்கு எதையும் எண்ணாம இருக்க முடியாது. இந்த பஸ்ஸுல இப்ப ஒங்களோட சேத்து முப்பத்தாறு பேரு.

அந்த எண்ணிக்கைப் புத்திக்குத்தான் எனக்கு வேலையே கெடைச்சுச்சு. ஆராய்ச்சி ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம் வந்தாக. பூச்சி எங்கெங்க பரவுதுன்னு கண்டுபுடிக்கணும், பொறிப்பெட்டி கட்டக் காடு தெரிஞ்ச ஆளு வேணும்னாக. ஈச்சம்பாறையில காடு தெரிஞ்ச ஆளு யாரு? ஊரே என்னையக் கை காட்டுச்சு.

அந்தப் பூச்சியில பொட்டை பறக்காது தம்பி. றெக்கை இருக்கும், பறக்காது. பொறந்த எடத்துலயே ஒக்காந்துக்கிட்டு ஒரு மணத்தை விடும். நம்ம மூக்குக்குத் தெரியாது. ஆம்பளைப் பூச்சி ஒரு மைலுக்கு அங்கிட்டு இருந்து மோப்பம் புடிச்சு வந்துரும். அந்த மணத்தை மருந்தாச் செஞ்சு, ரப்பர் துண்டுல ஊறவெச்சு, பசை தடவுன பெட்டிக்குள்ள தொங்கவிடணும். பொண்டாட்டி கூப்புடுறான்னு நெனச்சு ஆசையா வந்து பசையில மாட்டிக்கிருவான். பாவந்தான். அறுபத்திரண்டு பெட்டி. வாராவாரம் நான் போயி எண்ணி எழுதணும். எங்க பூச்சி விழுந்துச்சோ அங்க ஒரு செவப்புக் குண்டூசிய மேடம் சுவத்துப் படத்துல குத்துவாக. வருசா வருசம் ஊசி தெக்கால நகந்துக்கிட்டே போச்சு.

ஒரு நாளு நான் கேட்டேன். "பொட்டை பறக்காதுங்குறீங்க, அப்பறம் எப்படி மேடம் அடுத்த ஊருக்குப் போகுது?"

"முட்டை போகுது பொம்மையா. மரக்கட்டையில ஒட்டிக்கிட்டு லாரியில போகுது."

முட்டை பாக்குறதுக்குன்னு ஆரோக்கியம்னு ஒரு ஆளு இருந்தான். அது வேற செக்‌ஷன். கண்ணாடி போட்டுக்கிட்டு வெறகுக் கடை, மரக் கடைன்னு கட்டை கட்டையாப் பெரட்டிக்கிட்டுத் திரிவான். நான் அவனை அடைகோழிம்பேன். "அண்ணே, ஒரு தடவை வந்து முட்டை எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போங்கண்ணே"ம்பான். எனக்கு எதுக்குடா அது? என் வேலை பறக்குறது. ஒக்காந்திருக்குறது ஒன் வேலை.

வேலையில நான் வெச்ச குத்தம் ஒண்ணே ஒண்ணு. கிளவுசு போடல. மேடம் போடச் சொன்னாகதான், இல்லைன்னு சொல்லல. போட்டா வெரலு மரத்துப் போன மாதிரி இருக்கு, அந்தச் சின்னக் கம்பியில ரப்பர் துண்டைக் கோக்க முடியல. எங்க மலையில எந்நேரமும் மழை வேற. நனையக் கூடாதுன்னு மருந்துப் பொட்டலத்தை எல்லாம் எடுத்து இடுப்புச் சுருக்குப் பையில, வெத்தலை பாக்கோட போட்டுக்கிருவேன். நல்ல யோசனையாத்தான் இருந்துச்சு. நாலு வருசம் இடுப்புலயே கெடந்துச்சு.

அஞ்சாம் வருசம் வைகாசியில ஒரு பூச்சி தோள்ல வந்து ஒக்காந்துச்சு. தட்டிவிட்டேன். திரும்ப வந்துச்சு. மறுநாளு ஏழு. அப்பறம் போற எடமெல்லாம் கூடவே வருது. டீக்கடையில கிளாஸுக்குள்ள விழுகுது, கோயில்ல தீவாராதனையில வந்து விழுகுது. சலூன்ல முடி வெட்டுறவன் துணிய ஒதறிட்டு, "நீங்க போங்கண்ணே, நாளைக்குப் பாப்போம்"னுட்டான். எம்பொண்டாட்டி செல்லப்பேச்சி என் துணிய மூணு தடவை சோடா உப்புப் போட்டு அவிச்சா. ம்ஹூம்.

மேடம்கிட்டப் போயி நின்னேன். அவுகளுக்கு ஒரே ஆச்சரியம். ஆபீஸுக்கு முன்னாடி மைதானத்துல ஒரு நாற்காலியப் போட்டு என்னைய ஒக்கார வெச்சாக. ஆடக் கூடாதுன்னாக. சுத்தி நாலு பேரு நோட்டோட நின்னு எண்ணுனாய்ங்க. ஒரு மணி நேரத்துல முப்பத்தேழு. பக்கத்து மரத்துல கட்டியிருந்த பெட்டியில பதினொண்ணுதான்.

"பொம்மையா, நீங்களே ஒரு பொறியா ஆயிட்டீங்க"ன்னாக மேடம். போட்டோ வேற எடுத்தாக.

"இது எப்ப மேடம் போகும்?"

"சொல்ல முடியல. பல வருசம் இருக்கலாம்."

சிரிக்காதீங்க தம்பி. பெட்டிக்குள்ள இருக்குற மருந்தைக் கூட ஒரு சீசன் முடிஞ்சா எடுத்து எறிஞ்சிருவாக. என்னைய யாரு எங்க எடுத்து எறிய?

நான் பெட்டிகிட்டப் போனா நான் கூட்டிட்டு வந்த பூச்சியும் அதுல விழுகுது, எண்ணிக்கை கெட்டுப் போகுதுன்னு பெட்டி வேலையில இருந்து எடுத்துட்டாய்ங்க. எண்ணிக்கை கெட்டுப் போகுதாம்! எங்கிட்டச் சொல்றாய்ங்க! கையில பசை வாளியக் குடுத்து நோட்டீசு ஒட்டுன்னாய்ங்க. செக்போஸ்ட்டு, மரக் கடை, டீக்கடைன்னு நூத்தி எம்பது நோட்டீசு ஒட்டியிருக்கேன். 'தோல் சீவாத மரத்தை மலை விட்டு மலை கொண்டு போகாதீர்'னு பெருசா எழுதி, கீழ ஒரு படம். ஜெராக்ஸ் எடுத்து எடுத்து, தாரை அப்புன மாதிரி ஒரே கருப்பு. முட்டைப் படமாம். அது வேற செக்‌ஷன், ஒட்டுறவனுக்கு எதுக்கு?

என்ன கேட்டீங்க? இந்தக் கம்புல தோலு இருக்கேன்னா? நல்லாக் கேட்டீங்க போங்க. அது லாரியில லோடு லோடாப் போற மரத்துக்குச் சொன்னது. தொட்டில் கம்பையுமா சொல்வாக? காலையில எங்க அடிவாரச் செக்போஸ்ட்டுல மாரிமுத்து, "என்ன மூட்டைண்ணே?"ன்னான். பேரனுக்குத் தொட்டில் கம்புடான்னேன். "போங்க, போயி நல்லபடியா முடிச்சிட்டு வாங்க"ன்னு கும்பிட்டு அனுப்புனான். நோட்டீசு ஒட்டுன என்னையவே சோதிப்பானா?

வேலைய விடுங்க. வேலை போனது கூடப் பெருசா வலிக்கல. எம்மகதான்.

சித்திரைத் திருவிழாவுக்கு அமுதா வந்துச்சு. நாலு மாசம் முழுகாம இருந்துச்சு. வந்த மறுநாளே ஒடம்பு பூராம் தடிச்சுப் போச்சு. புழுவோட முடி காத்துல பறக்கும்ல, அது பட்டா அப்படித்தான், எங்களுக்கெல்லாம் பழகிப் போச்சு. ராவும் பகலும் சொறிஞ்சுக்கிட்டு, வயித்துப் பிள்ளைக்கு என்னமும் ஆயிருமோன்னு அழுதுச்சு. மாப்பிள்ளை கார் புடிச்சு வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. போறப்ப வாசல்ல நின்னு சொன்னாரு, "பிரசவத்துக்கு இங்க அனுப்ப மாட்டேன் மாமா. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பா எடுத்துக்காம எப்படி எடுத்துக்க? தலைப்பிரசவம் பொறந்த வீட்டுல நடக்காம எந்தக் குடும்பத்துல நடந்திருக்கு? ஊருல ஒருத்தன் விடாமக் கேட்டான். என்ன பொம்மையா, மகளை இன்னும் கூட்டியாரலையா, இன்னும் கூட்டியாரலையான்னு. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஆனியில மனசு கேக்கல. பலாப்பழத்தைத் தூக்கிக்கிட்டு, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டேன். நீலக் கேட்டைத் தெறந்து உள்ள போயி ஒக்காந்து, அமுதா தண்ணி கொண்டாந்து குடுக்குது, என் பையில இருந்து ரெண்டு பூச்சி பறந்து வந்து காலர்ல ஒக்காருது. எங்க ஊருல இருந்தே கூட வந்திருக்கு சனியன். அமுதா கையில இருந்த செம்பு கீழ விழுந்துருச்சு. மாப்பிள்ளை செருப்பைக் கழட்டி ரெண்டையும் அடிச்சாரு. அடி எந்தோள்லதான் விழுந்துச்சு. வேணும்னு அடிக்கல, எனக்குத் தெரியும். ஆனா செருப்பு செருப்புதானே?

ஆம்பளைப் பூச்சி ரெண்டு தனியா வந்து என்ன பண்ணும், முட்டையா போடும்னு நானும் கேட்டேன். யாரும் சிரிக்கல.

"பூச்சி பறக்குற காலம் முடிஞ்சு வாங்க மாமா"ன்னாரு. நான் அமுதாவைப் பாத்தேன். அது தரையில கொட்டுன தண்ணியத் தொடைச்சுக்கிட்டே இருந்துச்சு. ராத்திரி போன்ல, "அவரு சொன்னதுல தப்பில்லப்பா, இதை நம்பித்தானே நாங்க இருக்கோம்"னுச்சு. சொல்லிக் குடுத்துப் பேச வெச்சிருக்காரு. எம்மக அப்படிப் பேசாது.

சரிதான், என்னைய வர வேணாம்னுட்டீங்க, எங்க வீட்டு மொறையும் வர வேணாமா? ஆவணியில செல்லப்பேச்சி பிரசவம் பாக்கப் போறப்ப ஒரு வேலை செஞ்சேன். பிள்ளை பெத்தவளுக்கு முப்பது நாளும் வெந்நி போட பொறந்த வீட்டு வெறகுதான் எரியணும் எங்களுக்கு. வைகாசியிலயே அதுக்குன்னு வெட்டித் தாழ்வாரத்துல அடுக்கி வெச்சிருந்தேன். நாப்பத்தோரு கட்டை, ஒவ்வொண்ணும் தொடைத் தண்டி. குட்டியானை வண்டியில ஏத்தி, செல்லப்பேச்சிய முன்னாடி ஒக்கார வெச்சு அனுப்பிவிட்டேன். செக்போஸ்ட்டுல பிரசவ வெறகுன்னதும் மாரிமுத்து தார்ப்பாயைக் கூட வெலக்கிப் பாக்கலையாம். அந்த மரியாதை இருக்கு நமக்கு.

அதையாச்சும் ஒழுங்கா எரிச்சாகளா? பிள்ளை பொறந்து பத்து நாளு கழிச்சுக் கேக்குறேன், நாலு கட்டைதான் எரிஞ்சிருக்கு. பொகை பிள்ளைக்கு ஆகாதாம். கேஸ்ல வெந்நி போடுறாகளாம். மிச்சக் கட்டைய எல்லாம் வீட்டுக்குப் பின்னாடி சில்வர் ஓக்கு மரத்துல சாத்தி வெச்சிருக்காம். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா தம்பி? நானும் அந்தக் கட்டை மாதிரித்தான்னு நெனச்சுக்கிட்டேன். கொண்டு வந்தாக, வெளிய சாத்தி வெச்சாக.

இன்னைக்கு அதுக்கெல்லாம் சேத்து வட்டியும் மொதலுமாப் போறேன். பூச்சி இல்லாத மாசம். எம்மேல ஒண்ணு வருதா பாருங்க. வராது. கம்பைக் கோத்து, பிள்ளையக் கையில வாங்கித் தொட்டில்ல போடுவேன். இன்னும் மொகத்தைப் பாக்கல. செல்லப்பேச்சி போன்ல படம் அனுப்புனா. என் போன்ல படம் தெரியாது.

என்ன, நிறுத்திட்டான்? ஓ, செக்போஸ்ட்டு. இதுக்கு மேல ஒங்க மலை. எல்லா வண்டியும் ரெண்டு நிமிசம் நிக்கும்.

சுவத்துல புது நோட்டீசு போல. கலர்ல அடிச்சிருக்காய்ங்க பாத்தீங்களா? நான் ஒட்டுனப்ப ஜெராக்ஸ், நான் போனதும் கலரு. நேராக் கூட ஒட்டல, வலது மூலை தூக்கிக்கிட்டு நிக்குது. என்ன எழுதியிருக்கு? கண்ணாடிய எடுத்துட்டு வரல, நீங்க படிங்க.

தோல் சீவாத மரம், ஆமா. விறகு, கம்பு... கம்புன்னா போட்டிருக்கு? சரி, படிங்க. ஆனி முதல் மாசி வரை முட்டைப் பருவம். ம். ஒரு திட்டில் ஐநூறு முட்டை வரை இருக்கும். பொன்னிறத்தில், வெல்வெட்டுத் துணி போல...

ஏன் நிறுத்திட்டீங்க?

எதுக்குப் படத்தையும் என் மடியையும் மாத்தி மாத்திப் பாக்குறீங்க தம்பி?

கையை எடுங்க. தொடாதீங்க. உதிந்துரும், தொடாதீங்க.

பொறுங்க, ஜன்னல் வெளிச்சத்துல திருப்பிப் பாக்குறேன்.

ஆறு வருசம் தம்பி. ஆரோக்கியம் எத்தனை தடவை கூப்புட்டான்! வந்து பாருங்கண்ணே, ஒரு தடவை வந்து பாருங்கண்ணேன்னு. சொரண்டத்தான் போனேன்னு ஒங்ககிட்டயே சொன்னேன்ல? மச்சம்னு வேற சொன்னேன். தாழ்வாரத்துல சாத்தி வெச்சேன், ஆனி பூராம் அங்கதான் நின்னுச்சு. புழுவா ஊந்து வந்து, அங்கயே பூச்சியாகி முட்டை போட்டிருக்கு. எம்பேரன் தலைக்கு மேல இது தொங்கும். பங்குனியில பொரிச்சு, ஒண்ணொண்ணா நூல்ல எறங்கும்.

இந்தா, வாச்சர் ஏறிட்டான். என்னையத் தெரியுது அவனுக்கு. வணக்கம்யா, வணக்கம். ஆமா, பேரனுக்குத்தான். பாத்தீங்களா, கம்பைப் பாத்துட்டுத்தான் போறான். "பூச்சிக்காரண்ணன்தானே, போங்க"ன்னுட்டான். பாக்க மாட்டேங்குறான். ஏன்டா யாரும் பாக்க மாட்டேங்குறீங்க?

டிரைவர் வண்டிய எடுக்கப் போறான். இப்ப நான் வாயத் தெறக்கலைன்னா ஒருத்தருக்கும் தெரியாது. நீங்களும் நல்ல மனுசன், சொல்ல மாட்டீங்க. பன்னெண்டுக்குள்ள போயிறலாம்.

என்ன சொல்றீங்க? கத்திய வாங்கிச் சொரண்டிப்புட்டு, தீயில போட்டுட்டு, கம்பை மட்டும் கொண்டு போகலாங்குறீங்களா? நல்ல யோசனைதான் தம்பி. கம்பைச் சொரண்டலாம்.

வெறகை?

அதே தாழ்வாரம். அதே ஆனி மாசம். இதுக்குப் பக்கத்துலதான் அடுக்கியிருந்துச்சு. ஒரு கம்புல ஒரு திட்டு இருந்தா நாப்பத்தோரு கட்டையில எத்தனை இருக்கும்? அது எங்க கெடக்கு இப்ப? சில்வர் ஓக்கு மரத்துல சாத்தி வெச்சிருக்கு. மரத்துலயே சாத்தி வெச்சிருக்கு தம்பி! பொகை ஆகாதுன்னு எரிக்காம விட்டாகளேன்னு கோவப்பட்டேன். லாரிக்காரனைத் திட்டுனேன், மரக் கடைக்காரனைத் திட்டுனேன். மஞ்சனாத்துமேட்டுக்கு யாரும் கொண்டு போகல. நான் அனுப்பியிருக்கேன், தார்ப்பாயப் போட்டு மூடி.

கண்டக்டர், நில்லுங்க. எறங்கணும். ஆமா, இங்கதான். டிக்கெட்டு கெடக்கட்டும்யா, நான் எறங்கணும்.

வேணாம் தம்பி, கம்பை இங்க குடுத்துட்டு நான் ஒங்க கூட வர முடியாது. இந்த வாச்சர்கிட்டக் குடுத்தா அடுப்பு ஓரத்துல போட்டுட்டு மறந்துருவான், தெரியும் எனக்கு. இதை வெச்சுக்கிட்டு ஒரு வளைவு கூட மேல ஏறவும் மாட்டேன். ஆரோக்கியத்துக்குப் போன் போடணும். அவன் வர்ற வரைக்கும் நான் இதைப் புடிச்சுக்கிட்டு ஒக்காரணும். வந்தான்னா வீட்டுப் பேரு கேப்பான். எம்மக வீட்டுப் பேரை எழுதுவான், ஒவ்வொரு மரமாப் பாப்பான், மாப்பிள்ளை என்னைய ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாரு. எழுதட்டும். இப்ப எழுதுனா எண்ணிக்கையோட போகும். பங்குனி வரைக்கும் விட்டா எண்ண முடியாது.

இந்தப் பையை மட்டும் புடிங்க. டவுன்ல வாங்குனது, இன்னைக்குக் காலையிலதான் வாங்குனேன், தாழ்வாரத்துல வெக்கல. அரணாக்கொடியும் ரெண்டு சட்டையும் இருக்கு. அமுதா கையில குடுங்க.

ஜன்னலைத் தெறங்க தம்பி, காது கேக்கல ஒங்களுக்கு. தொட்டிலுக்கு மாப்பிள்ளை வீட்டு மரத்துல ஒரு கம்பு வெட்டிக்கிறச் சொல்லுங்க. அவரே கோக்கட்டும். பன்னெண்டைத் தாண்ட வேணாம், எனக்காகக் காத்திருக்க வேணாம். பஸ்ஸைத் தவற விட்டுட்டாருன்னு சொல்லிருங்க.

இல்ல, அப்படிச் சொல்லாதீங்க. பொய் சொன்னா வெறகை எரிக்க மாட்டாக. உள்ளதைச் சொல்லுங்க, போன்ல நான் சொன்னா எரிக்கலைங்குற கோவத்துல பேசுறேன்னு நெனப்பாக. ஒங்கப்பன் முட்டையப் பாத்துட்டான்னு சொல்லுங்க, அமுதாவுக்குப் புரியும். கட்டைய இழுத்துட்டுப் போகாம, சாக்கை விரிச்சு அதுல தூக்கி வெச்சு, மரத்தை விட்டுத் தள்ளி, மண்ணுல போட்டு எரிக்கணும். இன்னைக்கே. நான் அனுப்புனது நாப்பத்தொண்ணு, எரிஞ்சது நாலு. மிச்சம் முப்பத்தேழு இருக்கணும். எங்கயாச்சும் கோழிக்கூட்டுக்கு ஒண்ணு, வேலிக்கு ஒண்ணுன்னு எடுத்துருப்பாக. தேடச் சொல்லுங்க.

முப்பத்தேழு தம்பி. எண்ணி எண்ணிப் போடச் சொல்லுங்க.